ட்ரம்ப் சொன்னால் துப்பாக்கி ஓயுமா? – வாசகர் கேள்வி-பதில்

தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை, கடற்கரை ஊர்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்க அதிபர் டொனால்ட் ட்ரம்ப்பையும் அவர் செய்துவைக்கும் போர் நிறுத்தங்களையும் பற்றியவை. 2025 முடியும் தறுவாயில் இருந்த நிலவரத்தை வைத்துப் பதில் சொல்கிறோம்.

தங்கச்சிமடம்: உக்ரைன் போரை 24 மணி நேரத்தில் நிறுத்துவேன் என்றார். வருடமே திரும்பப் போகிறது. எங்கே இடறுகிறது?

வரிசையில் இடறுகிறது. முதலில் சண்டை நிற்கட்டும், அப்புறம் பேசலாம் என்பது உக்ரைன். முதலில் பேசி முடிப்போம், அப்புறம் நிறுத்தலாம் என்பது ரஷ்யா. முன்னேறிக்கொண்டிருக்கும் படைக்குப் போர் நிறுத்தம் நட்டம். தள்ளப்படும் படைக்கு அது மூச்சு. இந்த இரண்டில் எது சரி என்பதில் ட்ரம்ப் ஒரே வருடத்தில் பலமுறை மாறிவிட்டார்.

2025 பிப்ரவரி 28 அன்று வெள்ளை மாளிகையில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியோடு வாக்குவாதம். மார்ச் 3-ல் ஆயுத உதவி நின்றது, இரண்டு நாளில் உளவுத் தகவலும் நின்றது. மார்ச் 11 அன்று ஜெட்டாவில் 30 நாள் முழுப் போர் நிறுத்தத்துக்கு உக்ரைன் தலையாட்டியது, அன்றைக்கே உதவி திரும்பியது. எட்டு நாளில் ஒரு தரப்பை வழிக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம்தான். ஆனால் அதே பிடி மறுபக்கம் விழவில்லை. முழுப் போர் நிறுத்தத்துக்கு முன்னால் உக்ரைனுக்கு வெளிநாட்டு ஆயுதம் வருவதும் அங்கே புதிதாக ஆள் எடுப்பதும் நிற்கவேண்டும் என்றார் புதின். மார்ச் 18 தொலைபேசியில் அவர் ஒத்துக்கொண்டது மின்நிலையம், எண்ணெய் ஆலை போன்றவற்றை 30 நாள் அடிக்காமல் இருப்பதற்கு மட்டும்.

அதிலும் ஒரு கோளாறு. வெள்ளை மாளிகை அறிக்கையில் இருந்தது "எரிசக்தி மற்றும் உள்கட்டமைப்பு". ரஷ்ய அதிபர் மாளிகையான கிரெம்ளின் அறிக்கையில் இருந்தது "எரிசக்தி உள்கட்டமைப்பு". ஒரு "மற்றும்" இருந்தால் பாலம், ரயில், துறைமுகம் எல்லாம் உள்ளே வரும், இல்லாவிட்டால் வராது. தொடங்கிய தேதியிலும் தகராறு. மார்ச் 18 முதல் கணக்கு என்றது மாஸ்கோ, மார்ச் 25 முதல் என்றது கீவ். 30 நாள் ஒப்பந்தத்தில் ஒரு வாரம் யாருக்கும் சொந்தமில்லாமல் போனது.

பிறகு கெடுக்களின் கதை. ஜூலை 14-ல் ரஷ்யாவுக்கு 50 நாள் கெடு, ஜூலை 28-ல் அதையே 10, 12 நாளாகக் குறைத்தார். ஆகஸ்ட் 8-ல் கெடு முடிந்தது. தண்டனை வரவேண்டிய இடத்தில் ஆகஸ்ட் 15 அலாஸ்கா சந்திப்பு வந்தது, சிவப்புக் கம்பளத்தோடு. போகும்போது போர் நிறுத்தம் கேட்டவர், திரும்பும்போது அது வேண்டாம், நேரே சமாதான ஒப்பந்தம் என்றார். செப்டம்பர் 23-ல் உக்ரைன் இழந்த நிலம் முழுவதையும் மீட்கலாம் என்றார். அக்டோபர் 16-ல் புதினோடு புடாபெஸ்ட் சந்திப்பு அறிவிப்பு, ஒரு வாரத்துக்குள் அது ரத்து, 22-ம் தேதி ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட், லூக்ஆயில் ஆகிய எண்ணெய் நிறுவனங்கள் மீது தடை. நவம்பரில் 28 அம்சத் திட்டம்: டொனெட்ஸ்க் மாகாணத்தில் இன்னும் தன் கையில் இருக்கும் பகுதியையும் உக்ரைன் விட்டுத்தர வேண்டும், படையை 6 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், நேட்டோ ராணுவக் கூட்டணியில் இடம் கிடையாது. அந்த நிலத்தை ஜெலன்ஸ்கி நினைத்தாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட முடியாது. எல்லையை மாற்ற நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்பது உக்ரைன் அரசியல் சட்டத்தின் 73-வது பிரிவு.

கெடுவைத் தானே நீட்டியும் குறைத்தும் பழகியவரிடம் கடன்பட்டவன் எப்போது அவசரப்படுவான்? அடுத்த வாரம் அவர் மனசு நம் பக்கம் திரும்பும் என்று இரண்டு தரப்பும் காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பில்தான் சண்டை ஓடுகிறது.

ஏர்வாடி: அடுத்து என்ன செய்வார் என்று தெரியாததே அவருடைய பலம் என்கிறார்களே?

தொடக்கத்துக்குப் பலம், தொடர்ச்சிக்குப் பலவீனம். "இந்த ஆள் எதையும் செய்வான்" என்று எதிரி நம்பினால் பேச்சு மேசைக்கு வருவான் என்பது ரிச்சர்ட் நிக்சன் வியட்நாமில் போட்ட கணக்கு. 1969 அக்டோபரில் அமெரிக்க அணு ஆயுத விமானங்களை ரகசிய உஷார் நிலையில் நிறுத்திப் பார்த்தார். மாஸ்கோவும் அசையவில்லை, ஹனோயும் அசையவில்லை. பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரி 27-ல்தான்.

காரணம் எளிது. போர் நிறுத்தத்தில் நடுவர் இரண்டு வாக்குறுதி தருகிறார். "மீறினால் அடிப்பேன்" என்பது ஒன்று, "மீறாவிட்டால் அடிக்கமாட்டேன், அடிக்கவும் விடமாட்டேன்" என்பது இன்னொன்று. கணிக்க முடியாத ஆளிடம் முதல் வாக்குறுதி பயமுறுத்தும். இரண்டாவதை யாரும் நம்பமாட்டார்கள். ஆயுதத்தைக் கீழே வைக்கிறவனுக்குத் தேவை இரண்டாவதுதான்.

நம் கடலுக்கு அந்தப் பக்கமே இதைப் பார்த்திருக்கிறோம். டில்லியைக் கலக்காமல், 1989 ஜூன் 1 அன்று, இந்தியப் படை ஜூலை 29-க்குள் வெளியேற வேண்டும் என்று மேடையில் அறிவித்தவர் இலங்கை அதிபர் பிரேமதாசா. அதே சமயம் புலிகளோடு பேச்சு, அவர்களுக்கு ஆயுதமும் போனது. 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறினார். ஜூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்தது. அந்த வருடம் மண்டபம் முகாம் எப்படி நிரம்பியது என்பது உங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும்.

பாம்பன்: போர் நிறுத்தத் தாளில் அப்படி என்னதான் எழுதுவார்கள்? "சுடாதே" என்று ஒரு வரி போதாதா?

போதாது. தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "மீன் பிடிக்காதே" என்று ஒரு வரியில் அரசாணை போட்டால் என்ன ஆகும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுக்குத் தடை, நாட்டுப்படகுக்கு இல்லை என்று தேதியும் ஆளும் தெளிவாக இருக்கிறது. கடலுக்குப் போக டோக்கன் கிடையாது, டீசல் மானியம் கிடையாது. ஜெட்டியில் கட்டிக் கிடக்கும் படகை யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் நடக்கிறது. விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடும் வலை அறுந்து, அடிதடி நடந்து, பிறகு கிழமை சொல்லிப் பிரித்ததுதான்.

போர் நிறுத்தத்திலும் முதலில் மணி. எந்த ஊர் நேரப்படி என்பதும் சேர்த்து. 2025 ஜூனில் ஈரான்-இஸ்ரேல் சண்டையை ட்ரம்ப் நிறுத்தியபோது, ஈரான் முதலில், 12 மணி நேரம் கழித்து இஸ்ரேல் என்று படிப்படியாக வைத்தார். அந்த இடைவெளியில் இரண்டு பேரும் "கடைசி அடி நம்முடையதாக இருக்கட்டும்" என்று அடித்தார்கள். ஜூன் 24 காலையில் பத்திரிகையாளர் முன்னால் இருவரையும் அவர் கெட்ட வார்த்தையில் திட்டியது இதனால்தான். தவறு அட்டவணையில் இருந்தது.

அடுத்தது கோடு. கிழக்கு உக்ரைன் சண்டையை நிறுத்தப் போட்ட 2015 பிப்ரவரி 12 மின்ஸ்க் ஒப்பந்தத்தில் 15-ம் தேதி நள்ளிரவு 00:00 மணி என்று நேரம் துல்லியமாக இருந்தது. ஆனால் டெபால்ட்செவ் என்ற ரயில் சந்திப்பு ஊர் யாருடைய பக்கம் என்பதை எழுதாமல் விட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் அங்கே சண்டை ஓயவில்லை, 18-ம் தேதி ஊர் விழுந்தது. எழுதாமல் விட்ட இடத்தில் சண்டை நிற்காது.

மூன்றாவது, ஆயுதத்தின் எட்டும் தூரம். மின்ஸ்கில் 100 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பீரங்கிகளுக்கு இடையே 50 கிலோமீட்டர் இடைவெளி, பல்குழல் ராக்கெட்டுக்கு 70, ஸ்மெர்ச், தோச்கா போன்ற நெடுந்தூர வகைக்கு 140. இரண்டாம் நாளுக்குள் தொடங்கி 14 நாளில் இழுத்து முடிக்கவேண்டும். இன்றைய உக்ரைனில் இந்தக் கணக்கே செல்லாது. டிரோன் வந்தபிறகு முன்னணியின் இருபுறமும் 10, 20 கிலோமீட்டர் ஆழம் வரை நடமாட முடியாத பூமி. பீரங்கியைப் பின்னுக்கு இழுத்தால் செயற்கைக்கோளில் தெரியும். மூட்டையில் கட்டி எடுத்துப்போகும் டிரோனை யார் எண்ணுவது? சுமார் 1,200 கிலோமீட்டர் முன்னணிக்கு அந்தப் பதில் இன்னும் எவரிடமும் இல்லை.

பிறகு கண்காணிப்பவர் யார், அவருக்கு இரவில் போக அனுமதி உண்டா, புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில் இடத்துக்குப் போகவேண்டும். கடைசியில், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. இந்தக் கடைசி வரிதான் பலரும் மறப்பது. முன்னறிவிப்பு இல்லாத ஒப்பந்தத்தை முதல் குண்டே முடித்துவைக்கும்.

திருப்பாலைக்குடி (மாணவர்): போர் நிறுத்தமும் சமாதான ஒப்பந்தமும் ஒன்றா?

இல்லை. கொரியாவில் 1951 ஜூலை 10-ல் தொடங்கி 158 கூட்டம் பேசி, 1953 ஜூலை 27-ல் போர் நிறுத்தம் எழுதினார்கள். நடுவே 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆளில்லாப் பட்டை விட்டார்கள். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை. அந்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதி ஒரே கேள்வியில் கழிந்தது: ஊர் திரும்ப விரும்பாத கைதியை என்ன செய்வது? இரண்டு வருடமும் சண்டை நடந்தது.

மண்டபம்: இலங்கையின் 2002 போர் நிறுத்தம் ஏன் ஆறு வருடம்கூட உருப்படியாக நிற்கவில்லை? நார்வே நிதானமான நாடுதானே?

நிதானமான நடுவர், நன்றாக எழுதிய தாள். அதனால்தான் அவ்வளவு நாளாவது ஓடியது. 2002 பிப்ரவரி 22-ல் ரணிலும் பிரபாகரனும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம் பிப்ரவரி 23 நள்ளிரவு 00:00 மணிக்கு அமலானது. முன்னரண்கள் நடுவே 600 மீட்டர் இடைவெளி. கோவில், சர்ச்சுகளைப் படை 30 நாளில் காலி செய்யவேண்டும், பள்ளிக்கூடங்களை 160 நாளில். விலக 14 நாள் முன்னறிவிப்பு. கண்காணிக்க நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆட்கள்.

மீனவருக்கென்று தனிப் பத்தியே அதில் இருந்தது. 90 நாளில் இரவு, பகல் மீன்பிடித் தடை முழுதும் நீங்கவேண்டும். கரையில் உள்ள ராணுவ முகாமின் இருபுறமும் கரையோரமாக 1 கடல் மைல், கடல் பக்கம் 2 கடல் மைல், அதோடு துறைமுகம், குடா, கழிமுகங்கள் மட்டும் விலக்கு. நம் பக்கம் யாரும் கவனிக்காத விளைவு இதிலிருந்துதான் வந்தது. வருடக்கணக்கில் கரையோடு கட்டிப்போட்டிருந்த யாழ்ப்பாணம், மன்னார் மீனவர் திரும்பக் கடலுக்கு வந்தார்கள். அதுவரை அங்கே ஆளில்லாத கடலில் இழுவைமடி போட்டுப் பழகிய நம் விசைப்படகுகள் அவர்கள் வலைமேல் ஏறின. இன்றைய பாக் நீரிணைத் தகராறின் பாதி வேர் அங்கே இருக்கிறது. சிறைபிடிப்புச் செய்தியில் கடற்படை மட்டும்தான் தெரியும், அறுந்த வலை தெரியாது. இதைச் சொன்னால் படகு முதலாளிகளான நம் சம்மாட்டிகளுக்குக் கோபம் வரும், வரட்டும்.

உடைந்தது எங்கே? தரையில் கோடு இருந்தது, கடலில் இல்லை. கடற்புலிப் படகு எங்கே வரை போகலாம், கடற்படை எதைச் சோதிக்கலாம் என்று தாளில் தெளிவில்லை. 2003 பிப்ரவரியில் நெடுந்தீவு அருகே கண்காணிப்பாளரோடு சோதனை நடந்தபோது மூன்று கடற்புலிகள் படகோடு வெடித்து இறந்தார்கள். கண்காணிப்பாளர்கள் கடலில் குதித்துத் தப்பினார்கள். 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்கள் வெளியேறவேண்டும் என்றார்கள் புலிகள். கண்காணிப்பாளரில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். அந்த வருடமே தனுஷ்கோடி மணல்திட்டுகளில் அகதிகள் மறுபடி வந்து இறங்கினார்கள். தாளில் போர் நிறுத்தம் உயிரோடுதான் இருந்தது. அரசு விலகல் அறிவித்தது 2008 ஜனவரி 2, முடிந்தது ஜனவரி 16. அந்த 14 நாளை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

இதைவிட மோசமாக எழுதியது 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம். 48 மணி நேரத்தில் சண்டை நிற்கவேண்டும், 72 மணி நேரத்தில் ஆயுதம் ஒப்படைக்கவேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் ராஜீவும் ஜெயவர்த்தனாவும். ஆயுதம் வைத்திருந்தவர்கள் கையெழுத்துப் போடவில்லை. அக்டோபரில் இந்தியப் படையே அவர்களோடு போரில் இறங்கியது. 2025 பிப்ரவரி 18-ல் உக்ரைனை வெளியே நிறுத்திவிட்டு ரியாத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் உட்கார்ந்தபோது நமக்கு நினைவு வந்தது இதுதான்.

ராமேஸ்வரம்: 2025 மே 10 இந்தியா-பாகிஸ்தான் சண்டையை நிறுத்தியது ட்ரம்ப்பா இல்லையா?

மணியைப் பாருங்கள். வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி சொன்னபடி, பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் இந்திய இயக்குநரை அழைத்தது பிற்பகல் 3:35. தரை, வான், கடல் மூன்றிலும் நிறுத்தம் மாலை 5:00 முதல். ட்ரம்ப் தன் சமூக வலைதளமான ட்ரூத் சோஷியலில் போட்ட பதிவு வந்தது அதற்குப் பிறகு, 5:30-ஐ ஒட்டி. வாஷிங்டனிலிருந்து இரு தலைநகருக்கும் தொலைபேசிகள் பறந்தது உண்மை. நிறுத்தம் எழுதப்பட்டது இரண்டு இயக்குநர்களின் நேரடித் தொலைபேசியில் என்பதும் உண்மை. பாகிஸ்தான் அவருக்கு நன்றி சொல்கிறது. 1972 சிம்லா ஒப்பந்தத்தைக் காட்டி மூன்றாம் ஆள் இல்லை என்கிறது இந்தியா.

அன்றிரவே டிரோன்கள் வந்தன, மிஸ்ரி மறுபடி பேட்டி கொடுத்தார். ஆனாலும் நின்றது. கோடு முன்பே இருந்தது, இரு பக்கமும் ஒரே கட்டளைக்கு அடங்கிய படை, பேசுவதற்குக் கம்பி முன்பே இழுத்திருந்தது, 12-ம் தேதி மறுபடி பேச நாளும் குறித்திருந்தார்கள். உக்ரைனில் இந்த நான்கில் முழுசாக இருப்பது படைக் கட்டளை ஒன்றுதான்.

பெரியபட்டினம்: நோபல் பரிசு கிடைக்குமா அவருக்கு?

2025-க்கானது வெனிசுவேலாவின் மரியா கொரினா மச்சாடோவுக்குப் போனது. போர் நிறுத்திப் பரிசு வாங்கிய அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ரஷ்ய-ஜப்பான் போருக்காக, 1906-ல். 1905-ல் போர்ட்ஸ்மத்தில் பேச்சு நடந்த வாரங்களில் அவர் அந்த ஊர்ப்பக்கமே போகவில்லை. தன் வீட்டிலிருந்தபடி தந்தியும் கடிதமும் அனுப்பினார்.

கீழக்கரை: எங்கள் வீட்டுச் சபுராளிகள் (வெளிநாடு போனவர்கள்) தோஹாவில். ஜூனில் ஒரு ராத்திரி வானம் அடைத்தது, விடியுமுன் போர் நிறுத்தம் என்றார்கள். அறிவிப்பை நம்பி டிக்கெட் போடலாமா?

2025 ஜூன் 23 இரவு கத்தாரில் உள்ள அமெரிக்க விமானத் தளமான அல் உதெய்த் மீது ஈரான் ஏவுகணை வீசியது. அதற்குச் சற்று முன்னால் கத்தார் வான்வெளியை மூடி, சில மணி நேரத்தில் திறந்தது. ட்ரம்ப் அறிவிப்பு நம் நேரப்படி 24-ம் தேதி அதிகாலை. அவர் அறிவிப்பை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சண்டை போட்ட இரண்டு நாடுகளும் தங்கள் வாயால் ஒத்துக்கொண்டார்களா என்று முதலில் பாருங்கள். அடுத்தது அந்த நாட்டு விமானத்துறையின் அறிவிப்பு; "நோட்டம்" என்பார்கள், வான்வெளி திறந்ததா என்பது அதில்தான் உறுதி. மூன்றாவது, விமான நிறுவனம் ஒரு முழு நாள் அட்டவணைப்படி ஓட்டுகிறதா. திறந்த முதல் நாள் விமானமும் பணியாளரும் வேறு வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருப்பார்கள், தாமதம் தொடரும். தோஹா வழியாக மாறிப் போகிறவர்களுக்கு அடி அதிகம், நேரடி விமானத்துக்குக் குறைவு.

ஒரு முக்கியமான விஷயம்: பயத்தில் நீங்களே டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பார்கள். நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ கேட்கலாம். பாஸ்போர்ட், விசா நகலை இங்கே வீட்டிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாலிநோக்கம்: காஸாவில் மட்டும் எப்படி முடிந்தது?

முழுசாக முடியவில்லை, முதல் படி நடந்தது. 2025 ஜனவரி 19-ல் தொடங்கிய நிறுத்தம் 42 நாள் முதல் கட்டத்தோடு நின்று, மார்ச் 18-ல் உடைந்தது. இரண்டாம் கட்டத்தை "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று வைத்திருந்தார்கள். அக்டோபர் 10-ல் வந்தது ட்ரம்ப்பின் 20 அம்சத் திட்டத்தின் முதல் பகுதி. அதில் எண்ணக்கூடிய பொருள் இருந்தது: 72 மணி நேரத்தில் உயிரோடிருந்த 20 பிணைக் கைதிகள், பதிலுக்கு ஏறக்குறைய 2,000 பாலஸ்தீனக் கைதிகள். 13-ம் தேதி அது நடந்தது. தன் கூட்டாளி இஸ்ரேல் மீதே கை வைத்து அழுத்தியதுதான் வேலை செய்தது; புதின் மீது அப்படி ஒரு பிடி அவருக்கு இல்லை. 2025 முடியும்போது இஸ்ரேல் படை மஞ்சள் கோடு என்ற எல்லைக்குப் பின்னால், காஸாவில் பாதிக்குச் சற்று மேல் வைத்துக்கொண்டு நின்றது. கோட்டைத் தாண்டினான் என்று சுடுவது அப்போதும் நிற்கவில்லை. ஹமாஸ் ஆயுதம் என்ன ஆகும் என்ற கேள்வி மறுபடியும் "பிறகு"தான்.

தொண்டி: உக்ரைன் சண்டைக்கும் என் இறால் குளத்துக்கும் என்ன சம்பந்தம்? வன்னாமி (வளர்ப்பு இறால் வகை) விலை ஏன் விழுந்தது?

ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி இந்தியப் பொருளுக்குக் கூடுதலாக 25 சதவீத வரி போட்டார் ட்ரம்ப். முன்பிருந்த 25-ஓடு சேர்த்து 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 ஆனது. புதினை வழிக்குக் கொண்டுவரப் போட்ட வரி என்றார்கள். ரஷ்யக் கச்சா எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்கும் சீனாவுக்கு அப்போது இந்தத் தண்டனை விழவில்லை. இறாலுக்கு ஏற்கெனவே பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் மானிய ஈட்டு வரியும் தனியாக உண்டு. அவை அந்த 50-க்கு மேல் விழுந்தன.

நம் உறைந்த இறாலுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே போவது வளர்ப்பு இறால்தான். விசைப்படகில் பிடித்த கடல் இறாலுக்கு 2019 முதலே அங்கே தடை, மடியில் ஆமை தப்பும் கருவி இல்லை என்பதால். ஆகவே கடல் இறால்காரருக்கு நேரடி அடி இல்லை. ஆனால் அமெரிக்கா போகாத வன்னாமி உள்ளூரிலும் மற்ற நாட்டுச் சந்தையிலும் வந்து நிற்கும்போது அவர்கள் விலையும் இறங்கும்.

குளத்தில் நடக்கும் தவறு பதற்ற அறுவடை. வரிச் செய்தி வந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில் பிடிக்கிறார்கள். 30, 40 கவுண்ட்டுக்கு (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) வரவேண்டிய இறால் 70, 80 கவுண்ட்டில் வெளியே வருகிறது, ஏஜென்ட் சொன்னதே விலை. அடர்த்தி அதிகமிருந்தால் பகுதி அறுவடை செய்து குளத்தை இலேசாக்குங்கள், மீதியை வளரவிடுங்கள். தீவனக் கடன் வட்டியையும் இறால் பெருத்துக் கவுண்ட் குறைவதால் வரும் கூடுதல் விலையையும் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் அறிகுறி தென்பட்டால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம். அடுத்த விதைப்புக்குக் குஞ்சு முன்பணம் கட்டுமுன், ஆலை எந்த நாட்டுக்கு அனுப்புகிறது, எந்தக் கவுண்ட் கேட்கிறது என்று ஏஜென்டிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.